பல் ஆஸ்பத்திரிக்குப் போன ஆராய்ச்சி

போன செவ்வாய்க்கிழமை ஒரு ஆராய்ச்சி விண்ணப்பத்தைத் தேடிக்கொண்டு, அரசு ஆஸ்பத்திரி ஒன்றின் பல் பிரிவு வாசலில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

எனக்குப் பல்வலி இல்லை. விண்ணப்பத்துக்கும் இல்லை. இருந்தாலும் அது அங்கேதான் இருந்தது.

பக்கத்தில் கன்னம் வீங்கிய ஒருவர். எந்தப் பல் என்று விசாரித்தார். பல் இல்லை, ஃபைல் என்றேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். என் தங்கை மகள் கல்பனா அரசுக் கல்லூரி ஒன்றில் வரலாறு சொல்லித் தருகிறாள். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். கல்பனா கௌரவ விரிவுரையாளர். பதினோரு வருடமாகத் தற்காலிகம். கௌரவம் என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் உஷாராக இருங்கள். முழுச் சம்பளம் தர மனசில்லாத இடத்தில்தான் அதைக் கொண்டுவந்து ஒட்டுவார்கள்.

இரண்டு மாதம் முன்பு பாப்பிரெட்டிப்பட்டியில் இருக்கும் என் மோட்டார் வைண்டிங் கடைக்கு அவள் வந்தாள். கையில் ஒரு பிரிண்ட் அவுட். ஏதோ ஒரு அறக்கட்டளை ஆராய்ச்சிக்குப் பணம் தருகிறதாம். தனி ஆளுக்குத் தராதாம். இரண்டு பேர் சேர்ந்து கேட்க வேண்டும். அந்த இரண்டு பேரும் வேறு வேறு துறையாக இருக்க வேண்டும். எதைப் பற்றி ஆராய்ச்சி? அறிவின் வரலாறு.

“அறிவுக்கு ஏது கண்ணு வரலாறு? அது நம்மூருக்கு வந்திருந்தாத்தான?” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ஜனங்கள் ஒரு விஷயத்தை எப்படித் தெரிந்துகொண்டார்கள், அது எப்படிக் கைமாறியது, எந்த இடத்தில் தப்பாகப் போனது... இதைத்தான் தேட வேண்டும் என்றாள்.

ஆராய்ச்சி என்றாலே எனக்கு ஆகாது. இந்தப் பக்கத்தை வாராவாரம் வாசிக்கிற உங்களுக்கு அது தெரியும். ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் எழுதுவார். அதை மூன்றாமவர் மேற்கோள் காட்டுவார். கடைசியில் மூன்று பேர் வீட்டு வாசலிலும் ‘முனைவர்’ என்று போர்டு தொங்கும். அந்த போர்டைத் துடைக்கிற நேரத்தில் பாதியை அந்தப் புத்தகத்துக்குச் செலவழித்திருந்தால் நாடு உருப்பட்டிருக்கும். கல்பனாவும் அந்த வரிசையில் நிற்கக் கிளம்பிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

என் நினைப்பு தப்பு. ஏன் தப்பு என்பதற்குக் கொஞ்சம் தண்ணீர்க் கதை சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கம் பல ஊர்களில் ‘பருப்புக் கெணறு’ என்று ஒரு கிணறு இருக்கும். அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு இரண்டு கொதியில் மலர்ந்துவிடும். மற்ற கிணற்றுத் தண்ணீரில் குக்கர் எட்டு விசில் அடித்தாலும் பருப்பு முறைத்துக்கொண்டு நிற்கும். பருப்பு வேகிற தண்ணீர்தான் நல்ல தண்ணீர் என்பது ஊர்க்கணக்கு. இப்போது குடிக்கக் குழாயில் ஆற்றுத் தண்ணீர் வருகிறது. ஆனாலும் குழம்புக்கு மட்டும் அந்தக் கிணற்றுக்குக் குடம் எடுத்துப் போகிற வீடுகள் நிறைய. அந்தக் கிணற்று மோட்டாரை நானே பலமுறை கழற்றி மாட்டியிருக்கிறேன். பைப்பில் வெள்ளைப் பொருக்கே கட்டாது. ‘தங்கமான தண்ணி’ என்று சர்டிபிகேட்டும் கொடுத்திருக்கிறேன்.

இதைக் கல்பனா ஒருநாள் கல்லூரியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக்கொண்டிருந்தாளாம். எதிரில் உட்கார்ந்திருந்தவர் பசவராஜ். வேதியியல். அவரும் கௌரவம்தான். சொந்த ஊர் மாரண்டஹள்ளிப் பக்கம், வீட்டில் கன்னடம். எங்கள் ஊரிலும் இதே மாதிரி ஒரு கிணறு இருக்கிறது, ‘பேளெ பேயோ நீரு’ என்று சொல்வோம், பருப்பு வேகிற தண்ணீர் என்று அர்த்தம் என்றாராம். சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் யோசித்தாராம்.

அப்புறம் அவர் சொன்னதைக் கல்பனா என்னிடம் சொன்னாள். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைவாக இருந்தால்தான் பருப்பு சீக்கிரம் வேகும். ஆனால் எங்கள் மண்ணில் ஒரு சிக்கல். சுண்ணாம்பு குறைந்த தண்ணீரில் ஃப்ளோரைடு கரைந்து அப்படியே தங்கிவிட வாய்ப்பு அதிகம். அதைக் குடித்து வளர்கிற குழந்தைக்குப் பல்லில் காவி ஏறும். அப்படியானால், ஊர் எதை நல்ல தண்ணீர் என்று கொண்டாடியதோ அதுதான் ஊர்ப் பல்லைக் கெடுத்த தண்ணீரா? இது பசவராஜ் கேட்ட கேள்வி. இன்னும் நிரூபணமாகவில்லை, சோதிக்க வேண்டும் என்றும் அவரே சொல்லிவிட்டார்.

பல் கெட்டதை ஜனங்கள் பார்க்காமலா இருந்தார்கள்? பார்த்தும் தண்ணீர்மேல் ஏன் சந்தேகம் வரவில்லை? கிணற்றின் பெயர் ஏன் மாறவில்லை? இது கல்பனா கேட்ட கேள்வி.

‘நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் அல்ல’ என்று காலையில் எழுந்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்களே, அந்தக் கும்பலுக்கு இந்த இரண்டு கேள்விகளும் பிடிக்காது. முன்னோர்கள் முட்டாள்கள் இல்லைதான். பருப்பு விஷயத்தில் அவர்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பல் விஷயத்தில் கோட்டை விட்டார்கள். இரண்டும் ஒரே குடத்துத் தண்ணீர். இதைத் தனியாக ஒரு வரலாற்று ஆசிரியராலும் பிடிக்க முடியாது, தனியாக ஒரு கெமிஸ்ட்ரிக்காரராலும் பிடிக்க முடியாது. ஜோடியாகத்தான் பிடிக்க முடியும். அந்த அறக்கட்டளைக்காரர்கள் விவரமானவர்கள்தான் என்று அன்றைக்கு முதல்முறையாக ஒத்துக்கொண்டேன்.

நம் கல்லூரிகளில் வரலாற்றுத் துறையும் வேதியியல் துறையும் முப்பது வருடமாக ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு இருக்கும். இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் எதற்குப் போவார்? பரீட்சை வந்தால் பெஞ்சு கடன் கேட்கப் போவார். கேள்வி கேட்க யாராவது போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

விண்ணப்பத்தில் கல்லூரி முதல்வர் கையெழுத்தும் சீலும் வேண்டும். போன வெள்ளிக்கிழமை கடைசி நாள். வயது வரம்பு நாற்பது. கல்பனாவுக்கு இந்த வருடம்தான் நாற்பது. அதாவது இதை விட்டால் அவளுக்கு வேறு பஸ் கிடையாது.

முதல்வரிடம் போனார்கள். அவருக்கு ஜோடி என்ற சொல்லே முதலில் செரிக்கவில்லை. நம் காலேஜில் ஜோடி என்றாலே டி.சி. கொடுத்து அனுப்புகிறோம், நீங்கள் ஜோடியாகக் கையெழுத்துக் கேட்கிறீர்களே என்றாராம். ஹிஸ்டரியிலேயே இரண்டு பேராகப் போட்டுக்கொண்டால் என்ன என்றும் கேட்டாராம். கல்பனா விதியை எடுத்து வாசித்துக் காட்டினாள். அவர் வாட்ச்சைப் பார்த்தார். ஆபீஸில் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டார்.

ஆபீஸில் கொடுத்தார்கள். வரவுப் பதிவேட்டில் எண் போட்டார்கள். அதோடு சரி... பத்து நாள் பேச்சு மூச்சு இல்லை. கடைசி வாரம் திங்கட்கிழமை போய்க் கேட்டால், ஃபைல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாயிற்று என்று பதில்.

எந்த ஆஸ்பத்திரி? எதற்கு?

கல்பனாவுக்கு அந்த வாரம் முழுக்கப் பரீட்சை டியூட்டி. லீவு கேட்டால் அடுத்த செமஸ்டருக்குக் கூப்பிட மாட்டார்கள். பசவராஜுக்கும் அதே கதி. ஆகவே நான் கடையை இழுத்துச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தேன்.

செவ்வாய் காலையில் நேராகக் கல்லூரி சூப்பரண்டு மேஜைக்குப் போனேன். கண்காணிப்பாளர் என்று அரசாங்கம் சொல்லும், சூப்பரண்டு என்று மற்ற எல்லோரும் சொல்வோம். நல்ல மனிதர். கோபப்படவே இல்லை. ஃபைலின் நகலை எடுத்து என் முன்னால் விரித்தார். தலைப்பு இது: ‘பருப்பு வேகும் தண்ணீர்: கிணற்றுப் பெயர்களும் நீர் குறித்த அறிவும் – ஒரு பல்துறை ஆய்வு’.

கடைசிச் சொல்மேல் விரலை வைத்தார்.

“பல்துறைன்னு போட்டிருக்குதுங்களா?”

“போட்டிருக்குது.”

“உள்ள தொறந்து பாத்தா பல்லுல காவி ஏர்றதப் பத்தி எழுதியிருக்குது. அப்ப இது பல் துறை சமாச்சாரம்தானுங்க? நம்ம காலேஜ்ல பல் துறை இல்ல. அதான் இருக்கற எடத்துக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்டிருக்கறேன்.”

பல்துறை என்றால் பல துறைகள் சேர்ந்தது என்று விளக்கினேன். அவர் அசரவில்லை.

“அப்ப பல துறைன்னு போட வேண்டியதுதானுங்களே. அந்த ‘ல’ மேல ஒரு புள்ளிய வெச்சு என்னத்தங்க கண்டாங்க?”

இதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா? இந்தச் சொல்லை உருவாக்கிய பெரியவர்கள் யாரோ, அவர்கள் தாலுகா ஆபீஸ் பக்கம் தலை வைத்துப் படுத்ததில்லை போலிருக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்தில் ஒரு ஃபைலைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று படித்துப் பார்த்த அதிகாரியை நான் அன்றுதான் சந்தித்தேன். படித்ததால் வந்த வினை. படிக்காமல் நகர்த்தியிருந்தால் கையெழுத்து என்றைக்கோ ஆகியிருக்கும்.

புதிதாக ஒரு பிரிண்ட் எடுத்துத் தருகிறேன், அதில் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். ஒரே விஷயத்துக்கு இரண்டு ஃபைல் போட முடியாது என்றார். போன ஃபைல் திரும்ப வந்தால்தான் அடுத்த வேலை. கையோடு வாங்கி வர எனக்கு ஒரு சீட்டு மட்டும் எழுதிக் கொடுத்தார். அதுவே பெரிய தயவு.

அப்படித்தான் பல் பிரிவு வாசலில் போய் உட்கார்ந்தேன்.

டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். நாற்காலியைக் காட்டினார். பல் டாக்டர் அறையில் இருப்பது ஒரே நாற்காலி. அதில் சாய்ந்துதான் உட்கார முடியும். ஃபைலுக்காக வந்தேன் என்று நான் ஆரம்பிப்பதற்குள் லைட்டைப் போட்டு வாயைத் திறக்கச் சொல்லிவிட்டார். திறந்தேன். என்ன செய்வது?

என் பல்லைப் பற்றி இத்தனை வருடத்தில் இங்கே எழுதியதில்லை. முன்பல் நான்கிலும் குறுக்கே காவிக்கோடு. பீடி என்று நினைப்பவர்கள் உண்டு, வெற்றிலை என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டையும் நான் தொட்டதில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டி, அடக்கமான மாப்பிள்ளை என்று பெயர் வாங்கினவன் நான்.

“சின்ன வயசுல எந்தத் தண்ணிங்க குடிச்சீங்க?” என்றார் டாக்டரம்மா.

சொன்னேன். பருப்புக் கெணறு.

அவர் லைட்டை அணைத்துவிட்டு மேஜையிலிருந்து ஃபைலை எடுத்தார். கைக்கு வந்ததிலிருந்து அதை இரண்டு தடவை படித்துவிட்டாராம். இது தன்னிடம் எதற்கு வந்தது என்று அவருக்கும் முதலில் புரியவில்லையாம். ஆனால் இங்கே சேர்ந்ததிலிருந்து, பல்லில் காவியோடு யார் வந்தாலும் ஊர்ப் பெயரை ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறார். எந்த ஊர் என்று குறித்தாரே தவிர, எந்தக் கிணறு என்று கேட்கத் தோன்றவில்லை என்று அவராகவே சொன்னார். ஒரு டாக்டர் ‘எனக்குத் தோணலை’ என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தப் பிள்ளைகள் வந்தால் நோட்டைத் தருகிறேன் என்றார்.

அபிப்பிராயம் எழுதித் தர வேண்டுமே என்றேன். பேனாவை எடுத்து ஒரே வரி எழுதினார்: ‘பல் பிரிவுக்கு இவ்வாய்வில் ஆட்சேபணை இல்லை.’ சீல் வைத்தார்.

புதன்கிழமை முதல்வர் மீட்டிங். வியாழக்கிழமைதான் பிடிக்க முடிந்தது. கல்பனாவும் பசவராஜும் பரீட்சை ஹாலிலிருந்து அரை மணி நேரம் பர்மிஷன் வாங்கி வந்தார்கள். ஃபைல் என் கையில் இருந்ததால் என்னையும் உள்ளே விட்டார்கள். சூப்பரண்டும் கூட நின்றார்.

முதல்வர் டாக்டரம்மாவின் சீலைப் பார்த்தார். முகம் மலர்ந்தது, துவரம்பருப்பு மாதிரி. கவர்மெண்ட் டாக்டர், பர்மனென்ட் ஆபீஸர்... இவ்வளவு நல்ல ஆள் கையில் இருக்கும்போது பசவராஜ் எதற்கு என்று கேட்டார். பசவராஜை வைத்துக்கொண்டே கேட்டார். அந்தப் பெயரை அடித்துவிட்டு டாக்டர் பெயரைப் போட்டுக் கொண்டு வாருங்கள், உடனே கையெழுத்துப் போடுகிறேன், இரண்டு கெஸ்ட் லெக்சரர் பெயரை அனுப்பினால் வெளியே நம் காலேஜை யார் மதிப்பார்கள் என்றார்.

பசவராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “பரவால்லீங்க மேடம். எம்பேர எடுத்துருங்க. உங்களுக்கு இது கடைசி சான்ஸ்.”

நான் ஒரு எட்டு முன்னால் வைத்தேன். வாயைத் திறந்தால் நான் என்ன பேசுவேன் என்று கல்பனாவுக்குத் தெரியும். என் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். நான் அடங்கினேன்.

“சார், பருப்பு வேகற தண்ணியில பல்லு ஏன் காவி ஏறுதுன்னு கேட்டவரே இவருதாங்க. இவரு பேர எடுத்தா எங்கிட்ட வெறும் கெணத்துப் பேருதாங்க இருக்கும்.”

“அப்ப கையெழுத்து இல்லம்மா.”

“சரிங்க சார்.”

அவள் ஃபைலை எடுக்கக் கை நீட்டினாள். பதினோரு வருடம், வயது நாற்பது, நாளைக்குக் கடைசி நாள்... எல்லாம் தெரிந்துதான் நீட்டினாள். முதல்வர் ஃபைலை மூடி அவள் பக்கம் தள்ளினார்.

அந்த நேரத்தில்தான் சூப்பரண்டு லேசாக இருமினார்.

“சார், ஒரு சின்ன விஷயமுங்க. நம்ம அபிப்பிராயம் கேட்டு அனுப்பிட்டோம். வெளித்துறையில ஆட்சேபணை இல்லைன்னு எழுத்துல குடுத்துட்டாங்க. இனி நாம கையெழுத்துப் போடலைன்னா, ஏன் போடலைன்னு நாமதானுங்க எழுதணும்.”

“எழுதணுமா?”

“காரணத்தோட எழுதணுமுங்க. உங்க கைப்படதான். அதுக்கு ஒரு நகல் அந்த ஆஸ்பத்திரிக்கும் போகணும்.”

முதல்வர் ஃபைலைப் பார்த்தார். வெள்ளைத் தாளைப் பார்த்தார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார், இவன் வாராவாரம் எழுதுகிறவன் ஆயிற்றே என்பது போல. காரணம் என்று எதை எழுதுவது? இரண்டு பேரும் தற்காலிகம் என்றா? வருடக்கணக்கில் அவர்களைத் தற்காலிகமாக வைத்திருப்பதே நாம்தான் என்றா?

ஃபைலைத் தன் பக்கம் இழுத்தார். கையெழுத்துப் போட்டார். சீலைச் சூப்பரண்டு வைத்தார், கொஞ்சம் அழுத்தமாகவே.

இரண்டு பெயரோடும் விண்ணப்பம் வெள்ளிக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்துவிட்டது. பணம் கிடைக்குமா என்று தெரியாது. தெரிய இன்னும் மூன்று மாதம் ஆகுமாம். நான் அதுவரை காத்திருக்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே இரண்டு பேரும் ஒரு பை நிறைய பாட்டிலோடு பொம்மிடிப் பக்கம் கிணறு கிணறாகப் போய்விட்டார்கள். டாக்டரம்மாவின் நோட்டு கல்பனாவின் கைப்பையில்.

ஒரு மனிதர் காரணம் எழுதப் பயந்ததால் ஒரு ஆராய்ச்சி பிழைத்திருக்கிறது. நம் நாட்டில் இப்படிப் பிழைத்த அறிவு இன்னும் எவ்வளவு இருக்கும்? அதன் வரலாற்றையும் யாராவது ஜோடி சேர்ந்து எழுதினால் தேவலை. ஒருவர் வரலாற்றுத் துறையாக இருக்கட்டும். இன்னொருவர் மனநல மருத்துவராக இருப்பது உத்தமம்.